பாவம் ஓரிடம், பழி பேட்டரியிடம்

"பேட்டரி போயிடுச்சு!" நம்ம ஊர்ல கார் ஸ்டார்ட் ஆகலைன்னா முதல்ல வர்ற தீர்ப்பு இதுதான். பக்கத்து வீட்டு மாமா சொல்வார், அபார்ட்மென்ட் வாட்ச்மேன் சொல்வார், பால் பாக்கெட் வாங்கிட்டு அந்தப் பக்கமா போறவர்கூட ஒரு நிமிஷம் நின்னு சொல்லிட்டுப் போவார். இத்தனைக்கும் வண்டியோட பானெட்டை அதுவரைக்கும் யாரும் திறந்திருக்கவே மாட்டாங்க.

சொல்றவங்க மேல தப்பு சொல்ல முடியாது. நிறைய நேரம் பேட்டரி உண்மையிலேயே இறங்கித்தான் இருக்கும். ஆனா காய்ச்சல்னு டாக்டர்கிட்ட போனா, "ஆமா, காய்ச்சல்தான்"னு சொல்லி அனுப்பிட்டா ஒத்துக்குவீங்களா? எதனால காய்ச்சல்னு கேட்க மாட்டீங்க? பேட்டரி இறங்கிப்போச்சுங்கிறதும் அப்படித்தான். அது ஏன் இறங்குச்சுங்கிற கேள்விக்குப் பதில் கிடைக்கிற வரைக்கும் நீங்க வாங்கிப் போடுற புது பேட்டரியும் பழைய பேட்டரி போன வழியிலதான் போகும்.

எங்க அப்பா கால் டாக்சி ஓட்டுறார். அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காம விட்டதுல எங்க வீடு கிட்டத்தட்ட மூணு மாசம் பட்ட பாட்டைக் கொஞ்ச நேரத்துல சொல்றேன். நான் ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம்ங்கிறதால கொஞ்சம் வோல்ட், ஆம்பியர் எல்லாம் வரும். மத்த டிபார்ட்மென்ட் ஆளுங்க பயப்பட வேண்டாம். ஓம் விதியைத் தாண்டி எதுவும் கிடையாது.

முதல்ல காதைக் கொடுங்க

மீட்டர் எடுக்கிறதுக்கு முன்னாடி வண்டி என்ன சத்தம் போடுதுன்னு கேளுங்க. சாவியைத் திருப்பினதும் வர்ற சத்தத்துலயே பாதி விஷயம் இருக்கு.

சத்தமே இல்லை, டாஷ்போர்டு லைட்டும் எரியலைன்னா, பேட்டரி சுத்தமா காலி, இல்லைன்னா டெர்மினல் கழண்டிருக்கு. டாஷ்போர்டு பளிச்சுனு எரியுது, ஆனா சத்தம் இல்லைன்னா, பேட்டரியை விட்டுட்டு சாவி ஸ்விட்ச், ரிலே, செல்ஃப் மோட்டாருக்குப் போற சின்ன ஒயர் பக்கம் பாருங்க.

'டிக் டிக் டிக் டிக்'னு வேகமா அடிச்சா அது ஒரு சுவாரசியமான சண்டை. செல்ஃப் மோட்டார் மேல சொலினாய்டுனு ஒரு காந்தச் சுருள் இருக்கும். அது இழுத்ததும் பெரிய காண்டாக்ட் மூடி மோட்டாருக்குக் கரன்ட் பாயும். பாய்ஞ்ச அடுத்த கணமே வோல்டேஜ் விழுந்துடும். விழுந்ததும் சொலினாய்டால பிடிச்சு வைக்க முடியாம விட்டுடும். விட்டதும் வோல்டேஜ் மேல ஏறும். மறுபடி இழுக்கும். நம்ம ஸ்கூல்ல படிச்ச எலக்ட்ரிக் பெல் மாதிரியேதான். பெரும்பாலும் பேட்டரி பலவீனம், இல்லை டெர்மினல் சரியா பிடிக்கலை.

ஒரே ஒரு 'டொக்', அதோட அமைதின்னா சொலினாய்டு இழுத்துடுச்சு, மோட்டார் சுத்தலைன்னு அர்த்தம். 'ர்ர்ர்... ர்ர்... ர்'னு முனகிக்கிட்டு மெதுவா சுத்தினா, மோட்டாருக்குப் போதுமான கரன்ட் போய்ச் சேரலை. நல்லா வேகமா சுத்துது, ஆனா இன்ஜின் பிடிக்கலைன்னா பேட்டரியைத் தொடவே தொடாதீங்க. அது பெட்ரோல், ஸ்பார்க் சம்பந்தப்பட்ட வேற கதை.

இன்னொரு இலவச சோதனை இருக்கு. ஹெட்லைட்டைப் போட்டு எதிர்ச் சுவர்ல வெளிச்சம் விழுற மாதிரி வெச்சுக்கிட்டு சாவியைத் திருப்புங்க. லைட் அணைஞ்சே போற மாதிரி மங்கினா பேட்டரிக்குத் தெம்பு இல்லை. லைட் லேசா மங்கி அப்படியே நிக்குது, ஆனா மோட்டார் முனகுதுன்னா, பேட்டரியில சரக்கு இருக்கு, மோட்டார்கிட்ட போய்ச் சேரலை. இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பெட்டிக்குள்ள ஆறு அறை

கார் பேட்டரி அடிப்படையில ரொம்பப் பழைய சமாச்சாரம். 1859-ல பிரான்ஸ்ல கஸ்தோன் பிளாந்தே கண்டுபிடிச்ச ஈய-அமில மின்கலம்தான் இன்னிக்கும் நம்ம வண்டியில உட்கார்ந்திருக்கு. உள்ளே ஆறு அறை. ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 2.1 வோல்ட். ஆக, முழுசா சார்ஜ் ஆன பேட்டரி ராத்திரி முழுக்க சும்மா இருந்துட்டு காலையில 12.6 வோல்ட் காட்டணும். 12.4 காட்டினா முக்கால்வாசி இருக்குன்னு வெச்சுக்கலாம். 12.2-ன்னா பாதி. 12-க்குக் கீழே போயிட்டா கவலைப்பட வேண்டிய இடம். "பன்னெண்டு வோல்ட் பேட்டரிதானே, பன்னெண்டு காட்டுது, சூப்பர்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பன்னெண்டுங்கிறது கிட்டத்தட்ட காலி.

ஆனா இந்த ஒரு எண்ணை மட்டும் வெச்சும் முடிவெடுக்க முடியாது. சும்மா இருக்கும்போது யாரும் பலசாலி மாதிரிதான் தெரிவாங்க. மூட்டையைத் தூக்கச் சொன்னாதான் தெரியும். செல்ஃப் மோட்டார்தான் அந்த மூட்டை. சின்ன பெட்ரோல் காரே சுத்தும்போது நூறு, நூத்தைம்பது ஆம்பியர்னு இழுக்கும். டீசல் வண்டி இன்னும் அதிகம். நம்ம ஹாஸ்டல் ரூம் ஃபேன் அரை ஆம்பியர்கூட இழுக்காது. அத்தனை கரன்ட் போகும்போதும் பேட்டரி டெர்மினல்ல வோல்டேஜ் 9.6-க்குக் கீழே போகாம இருந்தா பேட்டரி தேறிடுச்சு.

இவ்வளவு கரன்டை ஒரு சின்ன மோட்டார் எப்படித் தாங்குது? 1912-க்கு முன்னாடி காரை முன்பக்கம் கம்பி விட்டுக் கையால சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணாங்க. கம்பி பின்னாடி உதைச்சு கை உடைஞ்சவங்க நிறைய பேர். அந்த வருஷ காடிலாக் கார்ல மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டு வந்தவர் சார்லஸ் கெட்டரிங். நாள் முழுக்க ஓடுற மோட்டாரா இருந்தா பிரம்மாண்டமா இருக்கணும், சில நொடி மட்டும் ஓடினா போதும்னா சின்ன மோட்டாரையே அளவுக்கு மீறி வேலை வாங்கலாம்ங்கிறதுதான் அவர் பிடிச்ச சூட்சுமம். அதனாலதான் ஒரேயடியா சாவியைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டே இருக்கக் கூடாது. அஞ்சு நொடி முயற்சி, அரை நிமிஷம் ஓய்வு. மோட்டாரும் ஆறும், பேட்டரியும் மூச்சு வாங்கும்.

மூணாவது எண் ஒண்ணு இருக்கு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினல்ல 13.8-ல இருந்து 14.5 வோல்ட் வரைக்கும் இருக்கணும். மெக்கானிக் அண்ணன்கள் இன்னமும் 'டைனமோ'ன்னு கூப்பிடுற ஆல்டர்னேட்டர் வேலை செய்யுதாங்கிறதுக்கு அதுதான் சாட்சி.

எங்க வீட்டு வண்டி

இப்போ அப்பா கதைக்கு வருவோம். எங்க வீடு வேளச்சேரிப் பக்கம். வேளச்சேரின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்னு தெரியும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எங்க தெருவுல தண்ணி நின்னுச்சு. அப்பாவோட கார் பாதிச் சக்கரம் வரைக்கும் ரெண்டு நாள் தண்ணியில நின்னுச்சு. நல்லவேளை, இன்ஜினுக்குள்ள போகலை. காய வெச்சு, ஆயில் மாத்தி, வண்டி பழையபடி ஓட ஆரம்பிச்சுடுச்சு. அடுத்த வருஷம் அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்ததும் ஊரே வேளச்சேரி மேம்பாலத்து மேல காரைக் கொண்டுபோய் வரிசையா நிறுத்தினது நியூஸ்ல வந்துச்சு இல்லையா, அந்த வரிசையில எங்க வண்டியும் ஒண்ணு.

அதுக்கப்புறம் சில மாசம் கழிச்சு, ஒரு விடியக்காலை மூணரை மணி ஏர்போர்ட் ட்ரிப். கஸ்டமர் பெட்டியோட வாசல்ல நிக்கிறாங்க. வண்டி முனகிட்டு நின்னுடுச்சு. இன்னொரு டிரைவர் அண்ணன் வந்து அவர் வண்டியில இருந்து கேபிள் போட்டார். தொட்டதும் ஸ்டார்ட். "பேட்டரிதாண்ணே, வேற ஒண்ணும் இல்லை"ன்னார். பேட்டரி கடையில லோட் டெஸ்டர் வெச்சுப் பார்த்தாங்க. உண்மையிலேயே வீக். நாலாயிரத்துச் சொச்சத்துக்குப் புது பேட்டரி மாத்தினார். பிரச்சினை முடிஞ்சது. அப்படித்தான் எல்லாரும் நினைச்சோம்.

ஏழு வாரம்கூட ஆகலை. அதே முனகல். கடைக்காரர் சோதிச்சுப் பார்த்துட்டு, "பேட்டரி நல்லா இருக்கு, வண்டியில வேற எங்கயோ ப்ராப்ளம்"னுட்டார். ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினப்போ "செல்ஃப் மோட்டார் போயிருக்கு, ஆறாயிரம் ஆகும்"னாங்க.

டாக்சி டிரைவர் வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் தெரியும், வண்டி ஸ்டார்ட் ஆகுமாங்கிற சந்தேகம் ஒரு வீட்டை என்ன பண்ணும்னு. அப்பா விடியக்காலை ட்ரிப் எடுக்கிறதை நிறுத்திட்டார். நல்ல காசு அதுலதான். வெயிட்டிங்ல இன்ஜினை அணைக்கவே மாட்டார், பெட்ரோல் வீணாகும். ராத்திரி எங்க தெருவுல நிறுத்தாம, நாலு தெரு தள்ளி ஒரு சரிவான ரோட்டுல கொண்டுபோய் நிறுத்திட்டு நடந்து வருவார். காலையில செல்ஃப் எடுக்கலைன்னா, சரிவுல உருட்டி ரெண்டாவது கியர்ல கிளட்ச்சை விட்டு ஸ்டார்ட் பண்றதுக்கு. ஐம்பத்திரண்டு வயசு. போன்ல என்கிட்ட இது எதையுமே சொல்லலை. "வண்டியெல்லாம் ஜோரா ஓடுதும்மா"ன்னுதான் சொல்வார்.

செமஸ்டர் லீவுக்குப் போனப்போ, ராத்திரி பத்தரைக்கு அவர் வேர்க்க வேர்க்க நடந்து வந்ததைப் பார்த்துக் கேட்டப்போதான் அம்மா சொன்னாங்க. மோட்டாருக்கு வேண்டி, என் ஃபைனல் இயர் ஃபீஸுக்குன்னு போட்டுட்டு வந்த சீட்டைத் தள்ளி எடுக்கலாமான்னு ரெண்டு பேரும் பேசிட்டிருந்திருக்காங்க.

ஒரு கருப்பு கேபிள்

மறுநாள் காலையில லேப்புக்காக வாங்கின முந்நூத்தைம்பது ரூபா மல்டிமீட்டரோட அந்தச் சரிவுக்குப் போனேன். சும்மா இருக்கும்போது 12.4. அப்பாவைச் சாவி திருப்பச் சொன்னேன். மோட்டார் முனகுது, மீட்டர் 11.1-ல நிக்குது. 9.6-க்கு மேல எவ்வளவு தூரத்துல இருக்கு பாருங்க! ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தோம். லேசா மங்குச்சு, அவ்வளவுதான். பேட்டரி தன் வேலையைச் செய்யுது. ஆனா மோட்டாருக்குப் போய்ச் சேரலை.

"அப்பா, மோட்டார் வாங்குறதை ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க"ன்னேன். "ஏம்மா, ஒர்க்‌ஷாப்காரங்களுக்குத் தெரியாததா?"ன்னார். ஆனாலும் அவருக்குப் பழக்கமான ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன்கிட்ட கூட்டிட்டுப் போனார். ரோட்டோரம் ஒரு சின்ன ஷெட். உள்ளே ரெண்டு பேர் நிக்கலாம், அவ்வளவுதான். முப்பது வருஷமா கார் ஒயரிங் மட்டும்தான் பார்க்கிறாராம்.

அவர் மீட்டர் எதையும் எடுக்கலை. சாவியைத் திருப்பச் சொல்லி ஒரு தடவை கேட்டார். அப்புறம் அப்பாவைப் பார்த்து, "அண்ணே, வண்டி தண்ணியில நின்னுச்சா?"ன்னார்.

"அது ஆச்சு, ரொம்ப நாள். புயலப்போ."

அவர் ஒண்ணும் சொல்லாம ஜம்ப் கேபிள்ல கருப்பை மட்டும் எடுத்தார். ஒரு முனையை எங்க பேட்டரியோட நெகட்டிவ்ல மாட்டினார். இன்னொரு முனையை இன்ஜின் இரும்புல கடிக்க விட்டார். வேற பேட்டரி கிடையாது, வேற வண்டி கிடையாது. "இப்போ போடுங்கண்ணே."

அரைச் சுத்துல ஸ்டார்ட் ஆச்சு. மூணு மாசமா நாங்க கேட்காத சத்தம்.

என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். கார்ல பாசிட்டிவுக்கு மட்டும்தான் ஒவ்வொரு இடத்துக்கும் தனி ஒயர். கரன்ட் திரும்பி வர்ற பாதை வண்டியோட இரும்பு பாடியே. ஆனா இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல உட்கார்ந்திருக்கு. ரப்பர் வழியா கரன்ட் வராது. அதனால இன்ஜினையும் பாடியையும் இணைக்க ஒரு தடித்த எர்த் ஒயர் இருக்கும். செல்ஃப் மோட்டார் இழுக்கிற மொத்த கரன்டும் அந்த ஒரே பாலம் வழியாத்தான் வீடு திரும்பணும். எங்க வண்டியில அந்த ஒயர் கீழே, தண்ணி நின்ன மட்டத்துல இருந்துச்சு. மேல் உறை பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. கழட்டி உறையை வெட்டினப்போ உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்து, லக் கிட்ட பொடிப் பொடியா உதிர்ந்துச்சு.

"பாப்பா என்ன படிக்குது?"ன்னு கேட்டார். "ட்ரிபிள் ஈ ண்ணா"ன்னேன். "அப்போ உனக்குத் தெரியுமே. போற வழியை எல்லாரும் பார்ப்பாங்க, வர்ற வழியைப் பார்க்க மாட்டாங்க"ன்னார். புது எர்த் ஒயர் நூத்தியெண்பது ரூபா. கூலி இருநூறு.

பீப் சத்தத்தை நம்பலாமா?

ஒயரை மாத்துறதுக்கு முன்னாடி அவர்கிட்ட கேட்டு ரெண்டு நிமிஷம் வாங்கிக்கிட்டேன். மீட்டரோட ஒரு முனையைப் பாடியில, இன்னொரு முனையை இன்ஜின்ல வெச்சுக்கிட்டு அப்பாவைச் சாவி திருப்பச் சொன்னேன். நல்ல ஒயரா இருந்தா 0.2 வோல்ட்டுக்கு மேல வரக் கூடாது. வந்தது 2.9. கிட்டத்தட்ட மூணு வோல்ட் அந்த ஒரு அடி ஒயர்லயே செலவாயிடுது. நூத்தைம்பது ஆம்பியர்னு வெச்சுக்கிட்டா, ஒயரோட மின்தடை வெறும் 0.02 ஓம்.

கழட்டின ஒயரை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து மீட்டரை கன்டினியூட்டில வெச்சேன். 'பீப்'. ஓம் அளவுல வெச்சா 0.3. மீட்டரோட ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு தொட வெச்சாலும் அதே 0.3! அதாவது மீட்டரோட சொந்த ஒயர் தடையிலயே இந்த 0.02 காணாம போயிடுது. அந்த 'பீப்'பை நம்பியிருந்தா, செத்த ஒயருக்கு நல்ல ஒயர்னு சர்ட்டிஃபிகேட் கொடுத்திருப்போம்.

லேப்ல 'வோல்டேஜ் டிராப்'ங்கிறதை ரெக்கார்டு நோட்டுல எத்தனையோ தடவை எழுதியிருக்கோம். அது எதுக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சது. பெரிய கரன்ட் போற ஒயரை, அந்தக் கரன்ட் போகும்போதுதான் அளக்கணும். சும்மா இருக்கிற ஒயர் உண்மை சொல்லாது.

அப்போ பழைய பேட்டரி?

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் வருது. பேட்டரி கடைக்காரர் பொய் சொல்லலை. பழைய பேட்டரி உண்மையிலேயே வீக்காதான் இருந்துச்சு. ஏன்?

ஆல்டர்னேட்டரும் இன்ஜின் மேலதான் உட்கார்ந்திருக்கு. அது பேட்டரிக்கு அனுப்புற கரன்டும் அதே எர்த் ஒயர் வழியாத்தான் சுத்தை முடிக்கணும். ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டு நாற்பது ஆம்பியர் ஓடும்போது, 0.02 ஓம்ல 0.8 வோல்ட் போயிடும். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்கு வந்து சேர்றது 13.4 தான். பார்க்க சார்ஜ் ஆகிற மாதிரி இருக்கும், முழுசா ஆகாது. தினமும் அரை வயிறு சாப்பாடு. அப்படியே மாசக்கணக்குல விட்டா, தகடுகள் மேல படியிற ஈய சல்ஃபேட் கெட்டியாகி, அப்புறம் சார்ஜ் ஏத்தினாலும் கரையாது. பழைய பேட்டரியை அந்த ஒயர்தான் பட்டினி போட்டே கொன்னிருக்கு. புதுசுக்கும் அதே கதி ஆரம்பிச்சிருந்தது. 12.4 காட்டுச்சுல்ல, அதுதான் அறிகுறி. ஒயர் மாத்தினப்புறம் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில 14.1 வந்துச்சு.

இன்னொரு முடிச்சும் அவிழ்ந்துச்சு. முதல் நாள் ஜம்ப் கொடுத்தப்போ தொட்டதும் ஏன் ஸ்டார்ட் ஆச்சு? அந்த டிரைவர் அண்ணன் முறைப்படி கருப்பு கேபிளை எங்க பேட்டரியில மாட்டாம இன்ஜின் இரும்புல மாட்டியிருக்கார். அது சரியான முறைதான். ஆனா அதனால கெட்டுப்போன ஒயரைத் தாண்டி கரன்டுக்கு ஒரு புது வழி கிடைச்சுடுச்சு. "ஜம்ப்ல ஸ்டார்ட் ஆச்சு, அப்போ பேட்டரிதான்"ங்கிற முடிவு அங்கேதான் பிறந்துச்சு. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

உங்க கைக்கு வரும்போது

எல்லா வண்டியிலயும் எர்த் ஒயர்தான் குற்றவாளின்னு நான் சொல்லலை. வரிசையா பாருங்க.

முதல்ல டெர்மினல். கையால ஆட்டிப் பாருங்க, ஆடக் கூடாது. வெள்ளையாவோ பச்சையாவோ உப்பு பூத்திருந்தா, டெர்மினலைக் கழட்டி, சமையல் சோடா கரைச்ச தண்ணி ஊத்தி, பழைய பிரஷ்ஷால தேய்ச்சு, துடைச்சுக் காய வெச்சு, மாட்டினப்புறம் கொஞ்சம் வாசலின் தடவுங்க. சோடா தண்ணி மூடி வழியா உள்ளே போகாம பார்த்துக்கோங்க. கழட்டும்போது எப்பவும் நெகட்டிவ்தான் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ்தான் கடைசி. மாத்திப் பண்ணினா, பாசிட்டிவ்ல இருக்கிற ஸ்பேனர் தவறிப்போய் பாடியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி, ஸ்பேனரே பழுக்கிற அளவுக்குக் கரன்ட் பாயும். கையில மோதிரம் இருந்தா கழட்டி வைங்க.

அடுத்து மூணு எண்: சும்மா இருக்கும்போது, செல்ஃப் சுத்தும்போது, இன்ஜின் ஓடும்போது. மூணாவது எண் 13-க்குக் கீழேன்னா ஆல்டர்னேட்டர், பெல்ட் பக்கம் போங்க. முதல் ரெண்டும் நல்லா இருந்தும் மோட்டார் முனகினா, வோல்டேஜ் டிராப் பாருங்க: பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து மோட்டார் வரைக்கும், நெகட்டிவ்ல இருந்து இன்ஜின் வரைக்கும்.

வாரக் கடைசியில நிறுத்தினா திங்கட்கிழமை காலையில மட்டும் ஸ்டார்ட் ஆகாத வண்டியா? எங்கேயோ கசியுது. அஞ்சு வாட் கேபின் பல்பு ஒண்ணு எரிஞ்சா 0.4 ஆம்பியர், ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி. முப்பத்தைஞ்சு ஆம்பியர்-மணி பேட்டரிக்கு மூணு நாள் போதும். சாவியை எடுத்து, எல்லாக் கதவும் மூடி, அரை மணி நேரம் கழிச்சு அளந்தா ஐம்பது மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கணும். மீட்டரை நெகட்டிவ் ஒயருக்கு நடுவுல, பத்து ஆம்பியர் துளையில மாட்டணும். மாட்டியிருக்கும்போது மறந்துகூட செல்ஃப் அடிக்காதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிடும். அதிகமா காட்டினா ஒவ்வொரு ஃபியூஸா பிடுங்கிப் பாருங்க. பிடுங்கினதும் எது குறையுதோ அந்த லைன்தான். பின்னாடி வாங்கி மாட்டின டேஷ்கேம், ஸ்டீரியோ, ஜிபிஎஸ் மேல முதல் சந்தேகம் வைக்கலாம்.

ஜம்ப் கொடுக்கும்போது வரிசை முக்கியம். சிவப்பு: இறங்கின வண்டி பாசிட்டிவ், அப்புறம் நல்ல வண்டி பாசிட்டிவ். கருப்பு: நல்ல வண்டி நெகட்டிவ், கடைசியா இறங்கின வண்டியோட இன்ஜின் இரும்பு, பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசி முனை மாட்டும்போது பொறி பறக்கும். பேட்டரிகிட்ட ஹைட்ரஜன் இருக்கலாம், அதனாலதான் தள்ளி. கழட்டும்போது அப்படியே தலைகீழ். தள்ளி ஸ்டார்ட் பண்றது மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளினா வேர்க்கும், வேற ஒண்ணும் நடக்காது.

பேட்டரி உப்பியிருந்தா, விரிசல் விட்டிருந்தா, அழுகின முட்டை வாடை அடிச்சா, எந்தச் சோதனையும் வேண்டாம். தள்ளி நின்னு ஆளைக் கூப்பிடுங்க.

எங்க வீட்ல சீட்டு அப்படியே ஓடிட்டிருக்கு. வண்டி இப்போ எங்க தெருவுலயேதான் நிக்குது. மழை எச்சரிக்கை வந்தா மட்டும் மேம்பாலம். அப்பா ட்ரிப் கணக்கு எழுதுற டைரியோட கடைசிப் பக்கத்துல மூணு கட்டம் போட்டிருக்கார். மாசத்துக்கு ஒரு தடவை என் மீட்டரை வெச்சு அளந்து எழுதுறார். போன வாரம் போன் பண்ணி, "பன்னெண்டு புள்ளி ஆறு, பத்து புள்ளி எட்டு, பதினாலு புள்ளி ஒண்ணு. ஓகேவாம்மா?"ன்னு கேட்டார். செல்ஃப் சுத்தும்போது முன்ன 11.1 காட்டினது இப்போ 10.8 ஆனதைப் பார்த்துட்டு, "இது மட்டும் ஏன் குறைஞ்சிருக்கு?"ன்னு ஒரு துணைக் கேள்வி வேற. மோட்டார் இப்போதான் முழு கரன்டையும் இழுக்குது, அதனால குறையுதுன்னு விளக்கினேன். என் வைவாவுலகூட இவ்வளவு நல்ல கேள்வி வந்ததில்லை.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பையில மீட்டரையும் எடுத்துப் போடுங்க. வீட்டு வண்டி நல்லா ஓடிட்டிருக்கும்போதே அந்த மூணு எண்ணையும் அளந்து, ஒரு ஸ்டிக்கர்ல தேதியோட எழுதி பானெட்டுக்குள்ள ஒட்டிடுங்க. வீட்ல கார் இல்லைன்னா அப்பா, அண்ணனோட பைக்கை அளங்க, அதுலயும் பன்னெண்டு வோல்ட்தான். என்னிக்காவது வண்டி முனகும்போது, பால் பாக்கெட் வாங்கப் போறவர் தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி, ஒப்பிட்டுப் பார்க்க உங்க கையில ஏதாவது இருக்கும்.